கல்யாணத்துக்கு முன் ஒரு கார் பயணம்: ‘சைட்வேஸ்’, ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ – சிரிப்பு எதில் நிற்கிறது?

கேள்வி இதுதான்: மாப்பிள்ளையாகப் போகிறவனும் நண்பர்களும் கல்யாணத்துக்கு முன்னால் காரில் கிளம்பும் கதைதான் ‘சைட்வேஸ்’ (2004), ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ (2011) இரண்டும். நகைச்சுவைப் படமாக எது தேறும்? இந்த மாதிரி ஒரு கதை எழுத உட்காருகிறவர் எதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

நகைச்சுவை எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க சைட்வேஸ். நண்பர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள், எப்படிக் கலாய்ப்பார்கள் என்று பார்க்க ஜிந்தகி. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் தயங்காமல் சைட்வேஸ் என்பேன். ஏன் என்பதற்கு இரண்டு கதைகளின் முடிவையும் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் கதை. சைட்வேஸை இயக்கியவர் அலெக்சாண்டர் பெய்ன். ரெக்ஸ் பிக்கெட்டின் நாவலைத் தழுவி அவரும் ஜிம் டெய்லரும் எழுதிய திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. மைல்ஸ் (பால் ஜியமாட்டி) சான் டியாகோவில் பள்ளி ஆசிரியர், விவாகரத்தானவர், ஒயின் பித்தர். அவர் எழுதிய நாவலைப் பதிப்பிக்க ஆளில்லை. ஜாக் (தாமஸ் ஹேடன் சர்ச்) மார்க்கெட் போன டிவி நடிகர். அடுத்த சனிக்கிழமை ஜாக்குக்குக் கல்யாணம். அதற்கு முந்தைய ஒரு வாரத்தை கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பக்கத்து ஒயின் தோட்டங்களில் கழிக்கக் கிளம்புகிறார்கள். நல்ல ஒயினைக் காட்டி நண்பனை வழியனுப்ப வேண்டும் என்பது மைல்ஸின் திட்டம். தாலி கட்டுவதற்குள் எவளோடாவது படுத்துவிட வேண்டும் என்பது ஜாக்கின் திட்டம்.

ஜிந்தகியை ஜோயா அக்தர் இயக்கினார். ரீமா காக்டியுடன் சேர்ந்து எழுதினார். மும்பையில் கட்டுமானத் தொழில் செய்யும் குடும்பத்துக் கபீருக்கு (அபய் தியோல்) நடாஷாவுடன் நிச்சயம் ஆகிறது. லண்டனில் பணம் பண்ணும் அர்ஜுன் (ஹிருத்திக் ரோஷன்), டெல்லியில் விளம்பர வாசகம் எழுதும் இம்ரான் (ஃபர்ஹான் அக்தர்) இருவரையும் கூட்டிக்கொண்டு கபீர் ஸ்பெயினில் மூன்று வாரம் சுற்றுகிறான். ஆளுக்கொரு சாகச விளையாட்டு தேர்ந்தெடுக்கலாம், மற்ற இருவரும் மறுபேச்சின்றிக் கூட இறங்க வேண்டும் என்பது பழைய ஒப்பந்தம். ஆழ்கடலில் மூழ்குவது, விமானத்திலிருந்து குதிப்பது, பம்ப்லோனாவில் காளைகளுக்கு முன்னால் ஓடுவது என்று மூன்று.

ஒற்றுமைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. மைல்ஸ் வெளிவராத நாவலைச் சுமக்கிறார், இம்ரான் வெளியிடாத கவிதை நோட்டைச் சுமக்கிறான். மைல்ஸுக்குப் பிரிந்த மனைவி, அர்ஜுனுக்கு இம்ரானால் கைவிட்டுப்போன காதலி. இரண்டிலும் மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் உதறல். வழியில் சந்திக்கும் பெண்ணைப் பார்த்து ஒருவர் மனசு மாறுவதும் இரண்டிலும் உண்டு. ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தும் ஒன்றில் சிரிப்பு கூடிக்கொண்டே போகிறது, இன்னொன்றில் சிரிப்பு அங்கங்கே வந்து அங்கங்கேயே நின்றுவிடுகிறது.

காரணம் வரைபடத்தில் இருக்கிறது. ஜிந்தகி பார்சிலோனாவில் தொடங்கி, கோஸ்டா பிராவா கடற்கரை, வலென்சியா பக்கத்து புன்யோல், தெற்கே செவில், அங்கிருந்து நாட்டின் வடகோடியில் பம்ப்லோனா என்று ஓடுகிறது. செவிலிலிருந்து பம்ப்லோனாவுக்கு மட்டும் சுமார் 900 கிலோமீட்டர். சைட்வேஸிலோ சான் டியாகோவில் கிளம்பி, லாஸ் ஏஞ்சலிஸில் ஜாக்கை ஏற்றிக்கொண்டு, இடையில் மைல்ஸின் அம்மா வீட்டில் ஓர் இரவு தங்கி, புவெல்டன் ஊர் மோட்டலில் இறங்கியதோடு நீண்ட பயணம் முடிந்துவிடுகிறது. மிச்ச நாள் எல்லாம் புவெல்டன், ஐந்து கிலோமீட்டர் தள்ளி சோல்வாங், சுற்றியுள்ள தோட்டங்கள், அவ்வளவுதான். ரோட் மூவி என்று பெயர், ஆனால் ஒரு தாலுகாவைத் தாண்டாது.

ஊர் மாறாததுதான் சைட்வேஸின் பலம். ஜாக் பொய் சொல்லிப் பழகும் ஸ்டெஃபனி (சாண்ட்ரா ஓ) ஒயின் ருசி பார்க்கும் கூடத்தில் ஊற்றிக் கொடுப்பவள். மைல்ஸுக்குப் பிடித்த மாயா (விர்ஜினியா மேட்சன்) அந்தப் பக்கத்து உணவகத்தில் பரிமாறுபவள். இருவரும் தோழிகள். ஆகவே ஒருத்தியிடம் அவிழ்வது மற்றவளிடம் போய்ச் சேர்ந்தே தீரும். அது அவிழும் இடம் ரொம்பச் சாதாரணமானது. மாயாவோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, வெள்ளிக்கிழமை ரிகர்சல் டின்னருக்குத் திரும்பியாக வேண்டும் என்று மைல்ஸ் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். கல்யாணத்துக்கு முந்தைய விருந்துக்குத்தான் அந்தப் பெயர். பிறகு நடப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மோட்டல் வாசலில் காத்திருக்கும் ஸ்டெஃபனி ஹெல்மெட்டால் ஜாக்கின் மூக்கை உடைக்கிறாள்.

உடைந்த மூக்கோடு காட்சி முடிந்திருந்தால் அது ஒரு அடிதடி ஜோக், அவ்வளவே. ஆனால் அந்த மூக்கைக் கல்யாணப் பெண் பார்ப்பாளே? கதை அங்கிருந்துதான் வேகம் பிடிக்கிறது. கட்டுப்போட்ட மூக்கோடும் ஜாக் அடங்கவில்லை. இன்னொரு பரிசாரகப் பெண்ணோடு போகிறார். அவளுடைய கணவன் வீட்டுக்கு வந்துவிடுகிறான். ஜாக் துணியில்லாமல் ஐந்து கிலோமீட்டர் ஓடி மோட்டலுக்கு வருகிறார், வழியில் ஒரு நெருப்புக்கோழிப் பண்ணையைக் கடந்து. (அந்த வட்டாரத்தில் நெருப்புக்கோழிப் பண்ணை நிஜமாகவே உண்டு. எழுத்தாளர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினால் இப்படிப்பட்ட விவரம் இலவசமாகக் கிடைக்கும்.) வந்த பிறகுதான் பர்ஸை அங்கேயே விட்டுவிட்டது தெரிகிறது. பர்ஸுக்குள் கல்யாண மோதிரங்கள். டால்ஃபின் வடிவம் போட்டு, இருவர் பெயரையும் சமஸ்கிருதத்தில் பொறித்துச் செய்த மோதிரங்கள். இன்னொரு ஜோடி வாங்கிச் சமாளிக்க வழியே இல்லை. மைல்ஸ் அந்த வீட்டுக்குள் தவழ்ந்து போய் பர்ஸை எடுத்துக்கொண்டு ஓட, கணவன் ஒட்டுத்துணி இல்லாமல் கார் வரைக்கும் துரத்துகிறான்.

அடுத்து மூக்குக்கு ஒரு கதை கட்டியாக வேண்டும். கார் விபத்து என்று சொல்லிவிடலாம் என்று ஜாக் மைல்ஸின் சாப் காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதுகிறார். அடி போதவில்லை, மூக்கு உடையும் அளவுக்கு நசுங்கவில்லை. ஆக்ஸிலரேட்டர் மேல் கல்லை வைத்து ஆளில்லாமல் காரை விடுகிறார்கள். கார் மரத்தை விட்டு விலகி நேராகப் பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், அதற்கான செலவு எப்போதும் மைல்ஸின் தலையில். கடைசியில் ஆர்மீனிய தேவாலயத்தில் ஜாக் மூக்கில் பிளாஸ்திரியோடு நிற்கும்போது அந்த ஒரு துண்டுத் துணிக்குப் பின்னால் அரை மணி நேரக் கதை நிற்கிறது.

ஜிந்தகியில் இது சாத்தியமில்லை. அநேகமாக ஒவ்வொரு சேட்டையும் நடந்த ஊரோடு முடிந்துபோகிறது. மதுக்கடையில் வம்பிழுத்து மூவரும் லாக்கப்பில் போகிறார்கள். நல்ல காட்சி. அவர்களை வெளியே எடுக்க வருபவர் இம்ரானைப் பெற்ற அப்பா, அதனால் கதை அவர் பக்கம் திரும்புகிறது. ஆனால் அந்த வம்புக்கென்று யாரும் விலை கொடுப்பதில்லை. யாரும் பின்தொடர்வதில்லை, எதுவும் பாக்கியில்லை. கபீரின் விலை உயர்ந்த எர்மெஸ் கைப்பைக்கு இம்ரான் ‘பேக்வதி’ என்று பெயர் வைத்து நாலாவது ஆளாகவே நடத்துவது படத்தின் பிரபலமான ஜோக். பெயர் வைத்ததற்கு மேல் அந்தப் பைக்குக் கதையைத் திருப்பும் வேலை எதுவும் இல்லை. சைட்வேஸில் அந்தப் பை நிச்சயம் தொலைந்திருக்கும். அதைத் தேடி யாராவது தவழ்ந்திருப்பார்கள்.

இரண்டாவது வித்தியாசம், ரகசியத்தைப் பார்வையாளருக்கு எப்போது சொல்வது என்பது. எனக்கு இதுதான் ஜிந்தகியின் பெரிய நழுவல் என்று தோன்றும். கபீர் மோதிரம் வாங்கியது அம்மாவின் பிறந்தநாளுக்கு. நடாஷா அதைப் பார்த்துத் தனக்கென்று நினைத்துச் சந்தோஷப்பட, இல்லை என்று சொல்ல வாய் வராமல் நிச்சயதார்த்தம் வரை போய்விடுகிறது. எவ்வளவு அருமையான நகைச்சுவை முடிச்சு! ஆனால் படம் அதை மூடி வைத்து, கடைசியில் பம்ப்லோனாவில்தான் அவிழ்க்கிறது. அதுவரை கபீர் ஏன் அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. நடாஷா சந்தேகத்தோடு பயணத்தின் நடுவே வந்து இறங்கும்போது, ‘தப்பான பெண்’ என்று சுலபமாக முத்திரை குத்திவிடுகிறோம். அந்த மோதிர விஷயம் முதல் இருபது நிமிடத்திலேயே நமக்கு மட்டும் தெரிந்திருந்தால், நடாஷாவின் ஒவ்வொரு ஃபோன் அழைப்பும் சிரிப்பாக மாறியிருக்கும். அவள் மேல் பரிதாபமும் வந்திருக்கும். நடாஷாவாக வரும் கல்கி கேக்லான் நல்ல நடிகை. அவருக்குக் கிடைத்தது எரிச்சலூட்டும் வேலை மட்டும்.

சைட்வேஸில் ஜாக் தன் நோக்கத்தைப் பயணத்தின் தொடக்கத்திலேயே மைல்ஸிடம் பச்சையாகச் சொல்லிவிடுகிறார். அதனால் ஸ்டெஃபனி சிரிக்கும்போதெல்லாம் நமக்கு வயிறு கலங்குகிறது. போதாதற்கு அவளுடைய சின்னப் பெண் குழந்தையோடும் ஜாக் ஒட்டிக்கொள்கிறார், கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு இங்கேயே தங்கிவிடலாமா என்று யோசிக்கிறார். பார்வையாளருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது: இந்த இடைவெளிதான் நகைச்சுவைக்கு எரிபொருள். கடைசி நிமிட வெளிப்பாடு கண்ணீருக்கு உதவும், சிரிப்புக்கு உதவாது.

ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். சைட்வேஸின் முதல் ஒயின் கூடக் காட்சி. கிளாஸைச் சாய்த்து நிறத்தைப் பார்க்கச் சொல்கிறார் மைல்ஸ். பிறகு மூக்கை உள்ளே விட்டு மணத்தைப் பிரிக்கச் சொல்கிறார்: ஸ்ட்ராபெரி, கொஞ்சம் எலுமிச்சை, எங்கோ தூரத்தில் அஸ்பாராகஸ், ஒரு சீஸ் வாசனை. பெய்ன் அவசரப்படவில்லை. ஒயின் தெரியாதவரும் கற்றுக்கொள்ளும் அளவுக்குப் பாடம் நிஜமாக நடக்கிறது. ஜாக் பயபக்தியோடு கேட்கிறார், எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டுகிறார், குடிக்கிறார், பிரமாதம் என்கிறார். அப்போதுதான் மைல்ஸ் கேட்கிறார்: நீ சூயிங்கம் மென்றுகொண்டிருக்கிறாயா?

இந்த ஜோக் வேலை செய்வதற்குக் காரணம் பாடம் உண்மையாக இருப்பது. ஒயின் பேச்சைக் கிண்டலாக, அரைகுறையாக எழுதியிருந்தால் சூயிங்கம் வரும்போது விழ உயரமே இருந்திருக்காது. இரண்டு மனிதர்களையும் அந்த ஒரு கேள்வி முழுசாகக் காட்டிவிடுகிறது. ஒருவர் மணத்தைத் தேடுகிறார், இன்னொருவர் வாயில் எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும். மெர்லோ ஒயினைக் குடிக்க மாட்டேன் என்று மைல்ஸ் உணவக வாசலில் கத்துவதும் இப்படி நெய்ததுதான். கடைசியில் துரித உணவுக் கடையில் பர்கரோடு சாதாரணக் கப்பில் ரகசியமாக ஊற்றிக் குடிக்கும் அவருடைய பொக்கிஷப் பாட்டில் 1961 ஷெவால் பிளான். அதில் கணிசமான பங்கு மெர்லோ திராட்சை. படம் இதை ஒரு வரிகூட விளக்கவில்லை. தெரிந்தவர் சிரிப்பார், தெரியாதவருக்கும் காட்சி குறையாது. மைல்ஸ் கொண்டாடும் பினோ நுவார் ஒயினுக்கு அமெரிக்காவில் விற்பனை ஏறியது படத்தின் பக்க விளைவு.

ஜிந்தகியின் சிறந்த நகைச்சுவை வேறு வகை. ஜப்பானிய வாடிக்கையாளரிடம் ‘மோஷி மோஷி’ என்று பணிவாகப் பேசும் அர்ஜுனை மற்ற இருவரும் கலாய்ப்பது, ஓடும் காரிலிருந்து அவன் ஃபோனை இம்ரான் வெளியே வீசுவது. இங்கே தாளம்தான் முக்கியம். பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவர்கள் ஒருவரோடு ஒருவர் முழு வாக்கியத்தில் பேசமாட்டார்கள். ஒரு சத்தம், ஒரு பழைய மெட்டு, ஒரு முகச்சுளிப்பு போதும். மூன்று நடிகர்களும் அதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள். தவிர, கிண்டலுக்கு அடியில் ஒரு நிஜக் காயம் ஓடுகிறது: அர்ஜுனின் காதலியோடு இம்ரான் உறவு வைத்திருந்தான். அர்ஜுன் அதை மறக்கவில்லை. ஃபோன் வெளியே பறக்கும்போது விளையாட்டுக்கு நடுவே பழைய கோபம் எட்டிப் பார்ப்பதும், சண்டையை விலக்கிவிட கபீர் திணறுவதும் படத்தின் மிக உண்மையான நிமிடங்கள். பல வருடமாகக் கேட்ட மன்னிப்பும் கேட்காத மன்னிப்பும் நண்பர்களுக்குள் எப்படிக் கிடக்கும் என்பதை இந்தப் படம் சைட்வேஸைவிட நன்றாக அறிந்திருக்கிறது.

இம்ரான் அர்ஜுனிடம் மன்னிப்புக் கேட்கும் இழைதான் ஜிந்தகியில் ஒழுங்காக விதைத்து அறுத்த ஒரே விஷயம். முதலில் வாயளவில் கேட்கிறான், எடுபடவில்லை. இடையில் தன்னைப் பெற்றுவிட்டு விலகிப்போன ஓவியரை (நசீருத்தீன் ஷா) சந்திக்கிறான். மனசிலிருந்து வராத வருத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்கே அங்கே படுகிறது. அதன் பிறகு கேட்கும் மன்னிப்புக்கு எடை கூடுகிறது. சைட்வேஸ் பொய்யை வைத்துச் செய்ததை ஜிந்தகி மன்னிப்பை வைத்துச் செய்திருக்கிறது. அதனால்தான் பலர் ஜிந்தகியை நினைக்கும்போது சிரிப்பைவிட அந்த நெகிழ்ச்சி முதலில் வருகிறது. அதை நகைச்சுவைப் படம் என்று அடுக்கில் வைத்ததுதான் தவறு. நையாண்டி நிறைந்த ஆறுதல் படம் என்றால் பொருந்தும்.

நண்பன் என்ன செய்கிறான் என்பதிலும் இரண்டும் எதிரெதிர். மைல்ஸ் ஜாக்கின் பொய்க்கு உடந்தை. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அவரும் சுத்தமில்லை, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போன சாக்கில் அம்மா ஒளித்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்தானே. ஜிந்தகியின் நண்பர்கள் கபீரை உண்மையைச் சொல்லத் தள்ளுகிறார்கள். காளை ஓட்டத்துக்கு முன்னால், பிழைத்தால் என்ன செய்வோம் என்று மூவரும் சொல்லிக்கொள்வதில் கபீரின் பங்கு அதுதான். வாழ்க்கைக்கு ஜிந்தகி நண்பர்கள் மேல். கதைக்கு மைல்ஸ் மாதிரி உடந்தைக்காரர் பத்து மடங்கு உபயோகம்.

பணமும் ஒரு விஷயம். சைட்வேஸ் சுமார் 1.6 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்கப் 10 கோடிக்கு மேல் வசூலித்தது. படத்துக்குள்ளும் பணத்தட்டுப்பாடு இருக்கிறது: மலிவு மோட்டல், நசுங்கிய கார், திருடிய நோட்டுகள். ஜிந்தகியில் பணம் ஒரு தடையே இல்லை. தக்காளித் திருவிழாக் காட்சிக்கு மட்டும் போர்ச்சுகலிலிருந்து 16 டன் தக்காளி கொண்டுவந்தார்கள். பார்க்க அமர்க்களம், பாட்டோடு சேர்ந்து மனசில் நிற்கிறது. ஆனால் யாருக்கும் செலவு வலிக்காத பயணத்தில் எதுவும் கெட்டுப்போகாது, கெட்டுப்போகாத பயணத்தில் சிரிப்புக்கு வேலை குறைவு. போகிற போக்கில் ஒன்று: நிஜத்தில் புன்யோல் தக்காளித் திருவிழா ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை, பம்ப்லோனாவில் காளைகள் ஓடும் சான் ஃபெர்மின் விழா ஜூலை 6 முதல் 14 வரை. படத்தில் தக்காளிக்குப் பிறகுதான் காளை வருகிறது, அதுவும் மூன்றே வாரப் பயணத்தில். இதைப் பார்த்து டிக்கெட் போடுகிறவர்கள் காலண்டரையும் பார்க்கவும்.

எழுத நினைப்பவருக்கு நான் சொல்வது: இரண்டாம் நாளுக்குள் நண்பர்களை ஓரிடத்தில் நிறுத்திவிடுங்கள். கொடைக்கானலோ ஏற்காடோ, திரும்பத் திரும்ப அதே டீக்கடைக்கும் அதே லாட்ஜ் மேனேஜரிடமும் வர வேண்டிய ஊர். அங்கே ஒரு பொய்யை வையுங்கள். அதைச் சொன்னவன் ஒருவன், காப்பாற்ற வேண்டியவன் இன்னொருவன். பார்வையாளரிடம் உடனே சொல்லிவிடுங்கள். திரும்பக் கிடைக்காத ஒரு பொருள், அந்த மோதிரம் மாதிரி, கதைக்குள் இருக்கட்டும். கல்யாணத் தேதி போன்ற ஒரு கெடு ஒவ்வொரு நாளும் நெருங்குவது தெரிய வேண்டும். சைட்வேஸ் இதற்காகவே கிழமைகளைத் திரையில் எழுத்தாகப் போடுகிறது. காருக்குள் நடக்கும் பேச்சை மட்டும் ஜிந்தகியிடமிருந்து எடுங்கள். பொதுவாகக் கெடுவது எங்கே என்றால், அழகான இடங்களைப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் பிறகு அந்த இடத்துக்கு ஒரு காட்சி எழுதுவது. ஸ்பெயின் சுற்றுலாத் துறையின் ஒத்துழைப்போடு எடுத்த ஜிந்தகியில் சில இடங்களில் அந்தத் தையல் வெளியே தெரிகிறது.

பார்ப்பது பற்றி: சைட்வேஸ் முழுக்கப் பெரியவர்களுக்கான படம். நிர்வாணம் உண்டு, கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமில்லை. வீட்டுப் பெரியவர்களோடு உட்காராதீர்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும். முதல் ஐந்து நிமிடத்தைத் தவறவிட வேண்டாம். இதோ கிளம்பிவிட்டேன் என்று ஃபோனில் சொன்ன மைல்ஸ், பிறகு கழிப்பறையில் புத்தகம் படிப்பதும் பல் இடுக்கைச் சுத்தம் செய்வதும் ஸ்டீயரிங் மேல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டே ஓட்டுவதும், கடைசியில் டிராஃபிக் என்று சொல்வதும் அங்கேதான். ஜிந்தகி இரண்டரை மணி நேரத்துக்கும் மேல், குடும்பத்தோடு பார்க்கலாம். இம்ரானின் கவிதைகள் ஜாவேத் அக்தர் எழுதியவை, உருது கலந்தவை. இந்தி ஓரளவு தெரிந்தவர்களும் அந்த இடங்களில் சப்டைட்டிலை அணைக்க வேண்டாம்.